மாக்கிங்பேர்ட் யார், டாம் ராபின்சன் மட்டுமா?

ஹார்ப்பர் லீ எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலில் வரும் பறவை வெகுளித்தனத்தின் குறியீடு, அது டாம் ராபின்சனைத்தான் குறிக்கிறது என்று எல்லா நோட்ஸிலும் போட்டிருக்கிறதே, சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி சரி. பரீட்சையில் அப்படி எழுதினால் மார்க் கிடைத்துவிடும். ஆனால் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பறவை எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடிப் பாருங்கள். டாமை மாக்கிங்பேர்டோடு ஒப்பிட்டு யாரும் பேசுவதே இல்லை. அந்த ஒப்பீடு வாய்விட்டுச் சொல்லப்படுவது இன்னொருவருக்காக. அந்த இன்னொருவர் உண்மையிலேயே ஒரு கொலை செய்தவர். நோட்ஸ்காரர்கள் இந்த இடத்தைத்தான் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

கதை தெரியாதவர்களுக்கு நாலு வரி. முடிவையும் சேர்த்தே சொல்லப் போகிறேன், பரவாயில்லையென்றால் படியுங்கள். 1930களின் நடுப்பகுதி, அமெரிக்காவின் தெற்கில் அலபாமா மாநிலம், மேகோம்ப் என்ற கற்பனை ஊர். கதை சொல்பவள் ஸ்கவுட் என்ற சிறுமி. தொடங்கும்போது ஆறு வயதுகூட நிரம்பவில்லை. அண்ணன் ஜெம். அப்பா அட்டிகஸ் ஃபின்ச், வக்கீல். வெள்ளைக்காரப் பெண் மயெல்லா யூவெலைப் பலாத்காரம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளிக்காக அட்டிகஸ் வாதாடுகிறார். டாம் செய்யவில்லை என்பது கோர்ட்டில் பட்டப்பகலாகத் தெரிகிறது. ஆனாலும் பன்னிரண்டு வெள்ளைக்கார ஜூரிகள் குற்றவாளி என்கிறார்கள். பக்கத்து வீட்டில் வெளியே தலைகாட்டாமல் பல வருஷமாக அடைந்து கிடக்கும் ஆர்தர் ராட்லி இன்னொரு சரடு. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பூ. (ஆங்கிலத்தில் அது குழந்தைகளைப் பயமுறுத்த எழுப்பும் சத்தம். தமிழில் எழுதினால் மலர் ஆகிவிடுகிறது. கடைசி அத்தியாயம் வரை படித்தவர்களுக்கு அதுவும் தப்பில்லை என்று தோன்றும்.) நாவல் 1960இல் வந்தது, 1961இல் புலிட்சர் பரிசு வாங்கியது.

முதலில் பறவை. மைனா அளவில், சாம்பல் நிறத்தில், வாலைத் தூக்கிக்கொண்டு திரியும் சாதாரணப் பறவைதான். பறக்கும்போது சிறகில் வெள்ளைத் திட்டு தெரியும். மற்ற பறவைகளின் குரலை எடுத்துத் தன் பாட்டில் கோத்துக்கொள்வது அதன் வித்தை. பெயரும் அதனால் வந்ததுதான். இரவிலும் பாடும். டெக்ஸாஸ், புளோரிடா, மிசிசிப்பி, டென்னசி, அர்கன்சா என்று ஐந்து மாநிலங்களுக்கு அது மாநிலப் பறவை. அலபாமாவுக்கு இல்லை, அங்கே ஒரு மரங்கொத்தி. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: நிஜ மாக்கிங்பேர்ட் அப்படியொன்றும் சாது கிடையாது. கூட்டுக்குப் பக்கத்தில் போனால் பூனை, நாய், மனிதன் என்று பார்க்காமல் பாய்ந்து கொத்தும். இதைப் பிறகு ஒரு காரணத்துக்காக நினைவுபடுத்துவேன்.

பத்தாவது அத்தியாயத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஏர் ரைபிள் பற்றிய பேச்சு வருகிறது. வாங்கிக் கொடுத்தவர் அட்டிகஸ்தான், ஆனால் சுடக் கற்றுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். கொல்லையில் தகர டப்பாவைச் சுட்டால் நல்லது, ஆனால் நீ பறவைக்குத்தான் குறிவைப்பாய், நீலக் குருவிகளை எத்தனை வேண்டுமானாலும் சுட்டுக்கொள், மாக்கிங்பேர்டைக் கொல்வது மட்டும் பாவம் என்று ஜெம்மிடம் சொல்கிறார். அப்பா ஒரு காரியத்தைப் பாவம் என்று சொல்லி ஸ்கவுட் கேட்டது அந்த ஒரே தடவைதான். அதனால் எதிர்வீட்டு மிஸ் மாடியிடம் போய் விசாரிக்கிறாள். அந்தப் பறவை தோட்டத்தைத் தின்னாது, சோளக் களஞ்சியத்தில் கூடு கட்டாது, நமக்காக மனசு திறந்து பாடுவதைத் தவிர வேறு எதுவுமே செய்யாது, அதனால்தான் பாவம் என்கிறாள் மிஸ் மாடி.

இந்த ‘பாவம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் படிக்கும் நமக்கு ஆங்கில வாசகருக்குக் கிடைக்காத ஒரு வசதி இந்தச் சொல்லில் இருக்கிறது. அவர்களுக்குச் செய்யக்கூடாத காரியம் ஒரு சொல், இரக்கம் வேறொரு சொல். நமக்கு இரண்டும் பாவம்தான். கொல்வது பாவம்; ஐயோ பாவம், அந்தப் பறவை. இந்த நாவலில் டாமின் தலையெழுத்து தீர்மானமாவது சரியாக இந்த இரண்டு அர்த்தங்களும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான்.

மயெல்லாவுக்குப் பத்தொன்பது வயது. குடிகார அப்பா, வரிசையாகத் தம்பி தங்கைகள், குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் வீடு. அந்த அழுக்கு முற்றத்தின் ஒரு மூலையில், பீங்கான் பூச்சு உதிர்ந்த ஆறு பாத்திரங்களில் அவள் சிவப்பு ஜெரேனியம் செடி வளர்க்கிறாள். அத்தனை பிள்ளைகளையும் ஐஸ்கிரீம் சாப்பிட அனுப்புவதற்காக ஒரு வருஷம் காசு சேர்க்கிறாள், ஒரு தடவையாவது டாமோடு தனியாக இருக்க. அவள் டாமைக் கட்டிப்பிடித்து முத்தமிடுவதை அவள் அப்பன் பார்த்துவிடுகிறான். அப்புறம் அடி, போலீஸ், பொய்ப் புகார். அவள் வீட்டு வழியாக வேலைக்குப் போய்வரும் டாம், கூப்பிட்டபோதெல்லாம் விறகு பிளந்து கொடுத்திருக்கிறான், தண்ணீர் எடுத்து வந்திருக்கிறான், ஒரு காசு வாங்கியதில்லை. ஏன் செய்தாய் என்று அரசு வக்கீல் கில்மர் குறுக்கு விசாரணையில் துருவுகிறார். டாம் சொல்கிறான்: அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சொன்ன கணமே தப்பு செய்துவிட்டோம் என்று அவனுக்குப் புரிந்துவிடுகிறது. கில்மர் உடனே அடுத்த கேள்விக்குப் போகவில்லை. நன்றாக உறைக்கட்டும் என்று நிறுத்தி வைக்கிறார். கறுப்பன் ஒருவன் வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்து ‘பாவம்’ என்பதா? பரிதாபப்பட வேண்டுமானால் மேலே நிற்க வேண்டும். கீழே நிற்பவனுக்கு அந்த உரிமை கிடையாது. இடது கை செயலற்ற ஒருவனால் முகத்தின் வலது பக்கம் அப்படி அடித்திருக்க முடியாது என்று அட்டிகஸ் எவ்வளவு அழகாக நிறுவியிருந்தாலும், அந்த அறையில் டாம் செய்த ‘குற்றம்’ இந்த ஒரு சொல்தான் என்று எனக்குத் தோன்றும். மாக்கிங்பேர்டைக் கொல்வது பாவம் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஊரில், பாவம் பார்த்தவனைக் கொல்கிறார்கள்.

இங்கே வெகுளித்தனம் என்ற சொல் போதவில்லை என்பதையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ‘இன்னசென்ஸ்’ என்ற ஒரே சொல்லில் அடங்குவதை நாம் பிரித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கோர்ட் கேட்பது டாம் நிரபராதியா என்பது. ஸ்கவுட்டும் ஜெம்மும் இழப்பது வெகுளித்தனம். பூ ராட்லியை நிரபராதி என்று சட்டப்படி சொல்ல முடியாது. தீங்கு நினைக்காதவர், கள்ளமற்றவர் என்று சொல்லலாம். குறியீடு ஒன்று, அதற்குக் கீழே மூன்று தனித்தனி விஷயங்கள். ஒரே விடையாக ‘மாக்கிங்பேர்ட் = வெகுளித்தனம்’ என்று எழுதும்போது இந்த மூன்றும் கலந்து கூழாகிவிடுகிறது.

பறவை பேசப்படும் இடங்களைவிட அது வாயை மூடும் இடங்கள்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதே பத்தாவது அத்தியாயம். பிப்ரவரி மாதம், தெருவில் வெறிநாய் ஒன்று தள்ளாடி வருகிறது. வீடுகளெல்லாம் கதவைச் சாத்திக்கொள்கின்றன. மரங்கள் அசையவில்லை, மாக்கிங்பேர்டுகள் பாடவில்லை, மிஸ் மாடி வீட்டில் வேலை செய்த தச்சர்களைக் காணோம். ஷெரிஃப் ஹெக் டேட் துப்பாக்கியை அட்டிகஸ் கையில் திணிக்கிறார். கண்ணாடி கீழே விழ, ஒரே குண்டில் நாய் சாய்கிறது. அப்பாவுக்குச் சுடத் தெரியும், அதுவும் ஊரிலேயே குறி தவறாதவர் என்று பிள்ளைகளுக்கு அன்றுதான் தெரிகிறது.

பதினோரு அத்தியாயம் தள்ளிப் போங்கள். ஜூரி தீர்ப்பு சொல்லக் காத்திருக்கும் இரவு. கோர்ட் நிரம்பி வழிகிறது, வெளியே கோடைக்காலம். மாடியில் கறுப்பினத்தாருக்கு ஒதுக்கிய இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்கவுட்டுக்குத் திடீரென்று குளிர் எடுக்கிறது. மாக்கிங்பேர்டுகள் அசைவற்றிருந்த அந்தப் பிப்ரவரிக் காலை அப்படியே திரும்பி வருகிறது. ஜூரிகள் வந்து உட்காருகிறார்கள். ஒருவர்கூட டாமைப் பார்க்கவில்லை. அப்பா தெருவில் இறங்கி நடந்து போய்த் துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்ப்பதுபோல் இருந்தது, ஆனால் துப்பாக்கியில் குண்டு இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது என்கிற மாதிரி ஸ்கவுட் சொல்வாள். இந்த ஒரு இடத்துக்காகவே நாவலை மறுபடி படிக்கலாம். டாமைப் பறவை என்று யாரும் சொல்லாமலே, பறவையின் மௌனத்தை அவன் தலைக்கு மேலே தொங்கவிட்டுவிட்டார் ஹார்ப்பர் லீ.

அப்புறம் 24ஆம் அத்தியாயம். சிறையிலிருந்து தப்பி ஓட முயன்றதாகச் சொல்லி டாமைச் சுட்டுவிடுகிறார்கள், உடம்பில் பதினேழு குண்டுகள். 25ஆம் அத்தியாயத்தில் உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் அண்டர்வுட், வேட்டைக்காரர்களும் சிறுவர்களும் அர்த்தமில்லாமல் பாட்டுப் பறவைகளைக் கொல்வதோடு இதை ஒப்பிட்டு எழுதுகிறார். கவனித்தீர்களா, பாட்டுப் பறவைகள் என்று பொதுவாகத்தான். டாமுக்கு நாவல் கொடுக்கும் மிக நெருங்கிய ஒப்பீடு இதுதான்.

ஆனால் அந்த அத்தியாயம் தொடங்குவது பத்திரிகையில் இல்லை, ஒரு பூச்சியில். தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் சின்னப் பூச்சி ஒன்று வீட்டுக்குள் வந்துவிடுகிறது. ஸ்கவுட் அதை நசுக்கக் கையை ஓங்குகிறாள். வேண்டாம், வெளியே படிக்கட்டில் கொண்டுபோய் விடு என்கிறான் ஜெம். ஏன்? அது உன்னை ஒன்றும் செய்யவில்லையே. அவ்வளவுதான், விளக்கை அணைத்துவிடுகிறான். சில பக்கம் தள்ளி, டாம் இறந்த சேதியை மனைவி ஹெலனிடம் சொல்லப் போனபோது நடந்ததை அவர்களுடைய நண்பன் டில் விவரிக்கிறான்: பெரிய காலோடு ஒரு ராட்சசன் வந்து மிதித்ததுபோல அப்படியே மண்ணில் விழுந்தாள், எறும்பை மிதிப்பதுபோல. பூச்சியையும் எறும்பையும் ஒரே அத்தியாயத்தில் வைத்தது தற்செயல் என்று நான் நம்ப மாட்டேன். ஜெம்முக்கு அப்போது பன்னிரண்டு வயது. தீர்ப்பு அன்று அழுத பையன், இப்போது யாரையும் எதையும் நசுக்கவிடாத பையன். வெகுளித்தனம் போன இடத்தில் வந்து உட்கார்ந்த வேறொன்று இது, பெயர் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சரி, பூ ராட்லிக்கு வருவோம். அவருடைய வீட்டோரத்து ஓக் மரத்தின் பொந்தில் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகக் கிடைக்கும்: இரண்டு சூயிங்கம், இரண்டு பழைய நாணயம், நூல்கண்டு, சோப்பில் செதுக்கிய ஒரு பையன், ஒரு பெண், பழைய பதக்கம், ஓடாத பாக்கெட் வாட்ச். அவர்கள் நன்றி சொல்லிக் கடிதம் எழுதி வைக்கப் போன நேரம் பொந்து சிமெண்டால் அடைபட்டிருக்கிறது. மரத்துக்கு நோய் என்று பூவின் அண்ணன் நேதன் சொல்கிறார். இலையெல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது என்கிறார் அட்டிகஸ். அன்று சாயங்காலம் ஜெம் இருட்டும்வரை வாசல் திண்ணையில் நின்றுவிட்டு உள்ளே வரும்போது அவன் அழுதிருப்பது ஸ்கவுட்டுக்குத் தெரிகிறது, ஆனால் சத்தமே கேட்கவில்லை. என்னைக் கேட்டால் நாவலில் குழந்தைப்பருவம் உடையும் முதல் இடம் கோர்ட் இல்லை, இந்தச் சிமெண்ட்தான்.

ஹாலோவீன் இரவு பள்ளி நாடகத்துக்கு ஸ்கவுட் பன்றித் தொடைக் கறி வேஷம் போட்டுக்கொண்டு போகிறாள், கோழிக்கூண்டுக் கம்பிவலையில் செய்தது. போகும் வழியில் ராட்லி வீட்டு மரத்தின் உச்சியில் ஒரு மாக்கிங்பேர்ட் தன்னந்தனியாகப் பாடிக்கொண்டிருக்கிறது, யாருடைய மரம் என்ற பிரக்ஞையே இல்லாமல், மூன்று நான்கு பறவைகளின் குரலை மாற்றி மாற்றி. அந்த வரியின் பொருள் திரும்பி வரும்போதுதான் விளங்குகிறது. இருட்டில் மயெல்லாவின் அப்பன் பாப் யூவெல் கத்தியோடு பாய்கிறான். பூ வெளியே வருகிறார். கொஞ்ச நேரத்தில் யூவெல் விலாவில் கத்தியோடு கிடக்கிறான்.

யூவெலைக் கொன்றது ஜெம் என்று முதலில் நினைக்கும் அட்டிகஸ், என் மகன் என்பதற்காக எதையும் மறைக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். ஷெரிஃபோ, அவன் தன் கத்தி மேல் தானே விழுந்து செத்தான் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். கடைசியில்தான் ஷெரிஃப் காப்பாற்றப் பார்ப்பது யாரை என்று அட்டிகஸுக்கு உறைக்கிறது. கூச்ச சுபாவமுள்ள அந்த மனிதரை ஊர் வெளிச்சத்துக்கு இழுத்து வருவது என்னைப் பொறுத்தவரை பாவம் என்கிறார் ஹெக் டேட். பத்தாவது அத்தியாயத்தில் கேட்ட அதே சொல். உனக்குப் புரிகிறதா என்று அட்டிகஸ் மகளிடம் கேட்க, அது மாக்கிங்பேர்டைச் சுடுவது மாதிரிதானே அப்பா என்கிறாள் ஸ்கவுட்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதையும் செய்யாத டாமுக்குச் சட்டம் தீர்ப்புவரை ஓடி, கடைசியில் மரணம். ஒருவனைக் குத்திக் கொன்ற பூவுக்குச் சட்டம் வாசலிலேயே நிறுத்தப்பட்டு இரக்கம். பூ செய்ததைத் தப்பென்று நான் சொல்லவில்லை, இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றினார். ஆனால் மாக்கிங்பேர்ட் என்ற சலுகை அந்த ஊரில் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை? கிடைத்தவர் வெள்ளைக்காரர். குறியீட்டை டாமின் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிட்டால் இந்த உறுத்தல் காணாமல் போய்விடும்.

நாவலிடம் எனக்கு ஒரு சண்டையும் உண்டு. அந்த நீலக் குருவிகள் என்ன பாவம் செய்தன? இனிமையாகப் பாடுகிறது, யாருக்கும் தொல்லை இல்லை, அதனால் கொல்லாதே என்றால், கரகரவென்று கத்துவதைக் கொல்லலாம் என்றுதானே ஆகிறது? டாம் அமைதியானவன், உழைப்பாளி, கோபமே படாதவன். வாசகர் மனமிரங்க அவன் அவ்வளவு நல்லவனாக இருக்க வேண்டியிருக்கிறது. நிஜத்தில் அப்படி இருக்க அவசியமில்லை. 1931இல் அதே அலபாமாவில் ஸ்காட்ஸ்பரோ வழக்கு நடந்தது. சரக்கு ரயிலில் வெள்ளைக்காரப் பையன்களோடு அடிதடி, அதைத் தொடர்ந்து கறுப்பின இளைஞர்களும் சிறுவர்களுமாக ஒன்பது பேர் மீது இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் சுமத்திய பலாத்காரப் புகார். எட்டுப் பேருக்கு முதலில் மரண தண்டனை விதித்தார்கள். 1933இல் அந்தப் பெண்களில் ஒருத்தி நடக்கவே இல்லை என்று கோர்ட்டில் சொன்ன பிறகும் தண்டனை தொடர்ந்தது. கடைசி மூவருக்கு அலபாமா மாநிலம் மன்னிப்பு வழங்கியது 2013இல்; அப்போது யாரும் உயிரோடு இல்லை. அவர்கள் பாட்டுப் பறவைகள் இல்லை, ரயிலில் வேலை தேடிப் போன, சண்டை வந்தால் திருப்பி அடித்த சாதாரணப் பையன்கள். ஆனாலும் நிரபராதிகள். கூட்டைத் தொட்டால் பாய்ந்து கொத்தும் நிஜ மாக்கிங்பேர்டைப் போல என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். மிஸ் மாடி அந்தப் பறவையைச் சரியாகப் பார்க்கவில்லை.

இன்னொரு வெகுளியையும் விட்டுவிடக் கூடாது: அட்டிகஸ். பழந்தமிழில் வெகுளி என்றால் கோபம். குறளில் வெகுளாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. இன்று அதே சொல் சூதுவாது தெரியாதவரைக் குறிக்கிறது. அட்டிகஸுக்கு வெகுளி இல்லை, ஆனால் அவர் வெகுளி. யூவெல் நடுத்தெருவில் முகத்தில் துப்புகிறான், துடைத்துக்கொண்டு நடக்கிறார். மயெல்லாவுக்கு விழ வேண்டிய ஓர் அடியை என் முகம் வாங்கிக்கொண்டதென்றால் அதுவும் நல்லதுதான் என்கிறார். அவன் வெறி அதோடு தீர்ந்தது, இனிப் பயமில்லை என்று பிள்ளைகளிடம் உறுதியாகச் சொல்கிறார். அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்பது ஹாலோவீன் இரவில் தெரிகிறது. விலை கொடுத்தது அவர் இல்லை, மகன்; அன்று முறிந்தது ஜெம்மின் கை.

டாம் சிறுவனாக இருந்தபோது அவன் இடது கை பருத்தி ஜின்னிங் மெஷினில் சிக்கியது. வலது கையைவிட ஒரு அடி குட்டையாக, காய்ந்து தொங்கும். இரண்டு கையும் இருந்திருந்தால் சிறை வேலியைத் தாண்டியிருப்பான் என்று சுட்ட காவலர்களே சொன்னார்கள். இனி நாவலின் முதல் பத்தியைத் திறந்து பாருங்கள். ஜெம்முக்குப் பதின்மூன்று வயது ஆகப்போகும் சமயத்தில் முழங்கையில் எலும்பு முறிந்தது என்று தொடங்கும். ஆறிய பிறகு ஒரு கை மற்றதைவிடக் கொஞ்சம் குட்டையாகிவிட்டதாம், ஆனால் பந்து விளையாட முடிகிறவரை அவன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லையாம். எந்தக் கை என்று பாருங்கள், இடது.